புரட்டாசி காய்ந்த ஆண்டுகள்

சென்னை வெயில் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கத்திரிதான் நினைவுக்கு வரும். மே 4இல் தொடங்கி 28இல் முடியும் அந்த வெயிலுக்கு நுங்கு உண்டு, மாம்பழம் உண்டு, பள்ளிக்கூட விடுமுறை உண்டு, பேப்பரில் படத்தோடு செய்தியும் உண்டு. மாதவரத்தில் நாற்பது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் எனக்கு அந்த வெயிலிடம் பயமில்லை. ஆடிப்பெருக்கு போய், ஆவணி அவிட்டம் போய், பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரைக் கரைக்கக் கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஒரு வருஷம் வரும் பாருங்கள், அந்த வருஷத்து வெயிலிடம்தான் பயம். கத்திரியின்போது ஏரியில் கொஞ்சமாவது மிச்சமிருக்கும். புரட்டாசிக்குள் அதையும் குடித்து முடித்திருப்போம்.

எங்கள் ஊருக்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டிவிடும். அதை ஏரியில் பிடித்து வைத்து, தையிலிருந்து புரட்டாசி வரை ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட மேல்காற்றாக வந்து சேரும். அது பலமாக வீசுகிற நாளில் கடல்காற்றுக்கு ஊருக்குள் வழி கிடைக்காது. ராயபுரத்துக்கு இரண்டு மணிக்கு வந்துவிடும் காற்று மாதவரத்துக்கு நாலு மணிக்கு வரும். சில நாள் வராமலே போகும். அப்படிக் காய்ந்த நாளின் சாயங்காலம் மேற்கே இருட்டி, இடியோடு ஒரு பாட்டம் மழை பெய்யும். புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். காய்வது மட்டும் நடந்து பெய்வது நடக்காமல் போன ஆண்டுகளும் உண்டு. அதற்கு முந்தைய ஐப்பசியும் பொய்த்திருந்தால் ஊரின் கதி அதோகதி.

நான் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடப்புத்தகத்தில் சென்னை என்றால் 1639, பிரான்சிஸ் டே, புனித ஜார்ஜ் கோட்டை, பிரெஞ்சுக்காரன் வந்தான், போனான். நானும் அதையே நடத்தி, அதையே பரீட்சையில் கேட்டு, அதற்கே மார்க் போட்டேன். என்னைக் கேட்டால், காய்ந்த புரட்டாசிகளை வரிசையாக அடுக்கியே இந்த ஊரின் சரித்திரத்தைச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறை காய்ந்தபோதும் ஊர் இன்னும் கொஞ்ச தூரம் போய்த் தண்ணீர் கொண்டுவந்தது. அது எந்த ஊரில் எடுத்த தண்ணீரோ, எந்த ஊர் வழியாக வந்த தண்ணீரோ, அந்த ஊர்க்காரர்கள் வரிசையில் கடைசியில் நின்றார்கள். மாதவரம் அப்படி வழியில் கிடந்த ஊர்.

கஞ்சித்தொட்டி

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை எங்கள் ஆயா சாகும்வரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னாள். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ரிக்‌ஷாக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் புரியும் என்ற காலமும் இருந்தது. ஹைதர் அலியின் படைகள் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்களைச் சூறையாடிய பின் வந்த பஞ்சத்தில், 1782இல், பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். அதையொட்டி எழுந்த மருத்துவச்சாலைதான் வளர்ந்து ஸ்டான்லி ஆனது. ஓர் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சம் பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கவர்னர் ஸ்டான்லியின் பேரைப் பலகையில் எழுதியும் ஆயாவின் வாயிலிருந்து அதை எடுக்க முடியவில்லை.

அந்தச் சத்திரத்து அடுப்பு ஓயாமல் எரிந்த காலம் 1876-78. தாது வருஷத்துப் பஞ்சம் என்று கிராமத்தில் சொல்வது அதைத்தான். 1876இல் தென்மேற்குப் பருவமழை தக்காணத்தில் தவறியது. அந்த ஐப்பசியில் வடகிழக்கும் கைவிட்டது. மறு ஆண்டு ஆனி, ஆடியிலும் வானம் திறக்கவில்லை. நெல்லூர்ப் பக்கமிருந்தும் செங்கல்பட்டு, வடாற்காட்டிலிருந்தும் ஜனங்கள் பட்டணத்தை நோக்கி நடந்தார்கள். நகரைச் சுற்றி நிவாரண முகாம்கள் எழுந்தன. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய செங்குன்றத்திலும் ஒன்று இருந்தது.

பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: “டீச்சர், அரிசியே இல்லாமப் போச்சா?” அப்படிப் போகவில்லை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசிக் கப்பல்கள் வந்தபடி இருந்தன. துறைமுகம் அப்போதுதான் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட, அலையைத் தாண்டி மசூலாப் படகுகளில் மூட்டைகளை இறக்கினார்கள். கடற்கரையில் மூட்டை மலையாகக் குவிந்து கிடந்தது, காவலும் நின்றது. 1856இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனும் அதிலிருந்து மேற்கே போன தண்டவாளமும் உள்நாட்டுக்குத் தானியத்தை ஏற்றிப் போயின. அதே தண்டவாளம், விலை எங்கே ஏறியதோ அங்கே வியாபாரிகள் தானியத்தைக் கொண்டுபோகவும் உதவியது. மழையில்லாமல் வயலில் வேலை போனவன் கையில் காசில்லை. மூட்டை குவிந்த கடற்கரைக்கும் கஞ்சித்தொட்டிக்கும் நடந்து போகிற தூரம்தான். அந்தத் தூரத்துக்குள்ளேயே ஜனங்கள் செத்தார்கள்.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, செலவு அதிகமாகிறது என்று நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்று மனிதன் உழைக்க முடியாது என்று எழுதி எழுதிச் சண்டை போட்ட பிறகு, சில மாதம் கழித்து அளவைக் கூட்டினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி சென்னையில் பொதுக்கூட்டம் போட்டு இங்கிலாந்துக்கு உதவி கேட்டுத் தந்தி கொடுத்தார்கள். லண்டன் மேயர் நிதி திரட்டினார். மாத இறுதியில் லிட்டனே நேரில் வந்தார். அவர் பார்த்தது ஆவணிச் சென்னை, அதாவது வருஷத்திலேயே ஏரி குளம் மிகக் கீழே இறங்கியிருக்கும் மாதத்துச் சென்னை. மழை அந்த இலையுதிர் காலத்தில்தான் திரும்பியது. தென்னிந்தியா முழுவதும் சேர்த்துச் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு.

வடசென்னையில் இன்று கறுப்பாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் அந்தப் பஞ்சம் இருக்கிறது. எண்ணூர் வரையிலான வடக்குப் பகுதி 1806லேயே வெட்டியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர்த் துண்டை 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். மொத்தக் கால்வாய்க்கும் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகனின் பேரை வைத்தார்கள். வெட்டியவர்களில் ஒருத்தர் பேரும் நமக்குத் தெரியாது.

செங்குன்றத்துத் தண்ணீர்

பஞ்சம் வந்தபோது பட்டணத்துக்குக் குழாய்த் தண்ணீர் புதிது. அதற்கு முன் கோட்டைக்கு 1772 முதல் ஏழுகிணறு இருந்தது. கேப்டன் பேக்கர் என்பவர் ஏற்பாடு செய்த கிணறுகள் அவை. மற்றவர்கள் வீட்டுக் கிணற்றிலும் கோயில் குளத்திலும் மொண்டார்கள். வயிற்றுப்போக்கும் காலராவும் அதோடு சேர்ந்து வந்தன.

பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஃபிரேசர் போட்ட திட்டம் 1872இல் நிறைவேறியது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு. அதில் தடுத்த வெள்ளத்தைக் கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும் செங்குன்றத்துப் புழல் ஏரிக்கும் திருப்புவது. புழலிலிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை ஓடவிடுவது. பம்பு கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அதுவாகவே ஓடிவரும். கீழ்ப்பாக்கத்திலிருந்து இரும்புக் குழாயில் தெருக்களுக்கு. சிற்றேரியாக இருந்த புழல் இப்படித்தான் பட்டணத்தின் குடிநீர்த் தொட்டியானது. இன்று அதன் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி.

வடிகட்டாத தண்ணீர் திறந்த கால்வாயில் நாற்பது வருஷம் ஓடியது. வழியில் அதில் என்ன விழுந்தது, யார் இறங்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளர் வந்துதான் மாற்றினார். தி.நகர் மேட்லி சாலையின் மேட்லி அவரே. கால்வாய்க்குப் பதில் மூடிய செங்கல் சுரங்கக் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டித் தொட்டிகள், பம்பு ஹவுஸ், உயரத்தில் இரும்புத் தொட்டி என்று 1914இல் எல்லாம் ஓடத் தொடங்கின. பட்டணத்துக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ஒரு விஷயத்தில் நஷ்டம்: திறந்த கால்வாய் இருந்தவரை ஒரு குடமாவது மொண்டிருக்கலாம். மூடிய பிறகு அது கண்ணுக்குக்கூடத் தெரியாமல் பூமிக்குள் போய்விட்டது.

கல்யாணமாகி மாதவரம் வந்தபோது இந்த நியாயத்தை எனக்கு முதலில் சொன்னது என் மாமியார். அவர் சரித்திரம் படித்தவரல்ல. இரண்டு எருமை வைத்துப் பால் கறந்தவர். “ஏரித் தண்ணி பட்டணத்துக்கு, ஏரிக் கொசு நமக்கு” என்பார். எங்கள் வீட்டில் உறைகிணறு. தை மாதம் கையை நீட்டினால் எட்டும். ஆடியில் கயிறு இரண்டு பங்கு வேண்டும். புரட்டாசியில் குடம் தரையில் தட்டும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் எருமைகளை ஒரு வேளை மட்டும் குளிப்பாட்டுவார், எங்களையும் அப்படியே. எருமைக்கு வியர்த்து ஆறுகிற உடம்பில்லை. தண்ணீரில் கிடந்துதான் சூட்டைத் தணிக்கும். தண்ணீர் குறைந்தால் பால் குறையும் என்பது அவருக்கு அனுபவம். பின்னால் மாதவரம் பால் பண்ணையில் வேலை பார்த்த கால்நடை டாக்டர் ஒருவர் அதையே எனக்கு விளக்கமாகச் சொன்னார். 1960களில் மாதவரம் பால் காலனி உருவானபோது ஊருக்கு வேலை வந்தது, பேர் வந்தது, சென்னையின் காபிக்குப் பால் போனது. புழலிலிருந்து தண்ணீர், மாதவரத்திலிருந்து பால் என்று எல்லாம் தெற்கே போய்க்கொண்டே இருந்தது.

தூரம் கூடக் கூட

பட்டணம் பெருத்தது, புழலும் சோழவரமும் போதவில்லை. 1939இல் மேயரான தீரர் சத்தியமூர்த்தி, பூண்டியில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் வேண்டும் என்று விடாமல் போராடினார். யுத்தம் நடக்கும்போது இதற்கு ஏது பணம் என்று அரசாங்கம் இழுத்தும், 1940இல் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். 1944இல் வேலை முடிந்து திறந்தபோது அதைப் பார்க்கச் சத்தியமூர்த்தி உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். இன்று அது சத்தியமூர்த்தி சாகர். நகரத்துக்கு மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

அறுபதுகளில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் எழுந்தன. எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்தது. ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். அதே சமயம் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு அடியில் நல்ல நிலத்தடி நீர் இருப்பதைக் காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், பூண்டி என்று வரிசையாக ஆழ்கிணறுகள் போட்டார்கள். வயலுக்கும் அதே நீர், ஆலைக்கும் அதே நீர். எடுத்த அளவு மழை நிரப்பவில்லை. கடலோரத்தில் பூமிக்குள் நல்ல தண்ணீரின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். மீஞ்சூர்ப் பக்கம் அப்படிப் பல கிலோமீட்டர் தூரம் உப்பு ஏறிவிட்டது. அந்த ஊரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளின் டிபன்பாக்ஸ் சோறு மஞ்சளடித்திருக்கும். உப்புத் தண்ணியில் வடித்தது என்று சொல்வார்கள்.

அடுத்த பாய்ச்சல் ஆந்திராவுக்கு. 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் கையெழுத்திட்டது தெலுங்கு கங்கை ஒப்பந்தம். மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தலைக்கு 5 டி.எம்.சி. கிருஷ்ணா நீரை விட்டுக்கொடுக்கும். ஆவியாகி வீணாவது போக 12 டி.எம்.சி. சென்னைக்கு. இதை யோசித்தவர்களுக்கு நம்ம ஊர் நாள்காட்டி நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் 8 டி.எம்.சி., ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் 4 என்று பிரித்தார்கள். கிருஷ்ணா நிரம்புவது சகியாத்திரி மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். அங்கே கொட்டுகிற மாதங்களில்தான் இங்கே காய்கிறது. அவர்கள் ஆவணி மழையை நம் ஆவணி வெயிலுக்குக் கொண்டுவருவது திட்டம். கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் கால்வாய் 177 கிலோமீட்டர். அதில் 152 ஆந்திரத்தில். 1996 செப்டம்பரில் முதல் முறையாகத் தண்ணீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய அளவு வருஷா வருஷம் வந்துவிடவில்லை. கிருஷ்ணாவும் வறண்டால்? வழியில் உள்ள விவசாயிக்கும் தாகமெடுத்தால்? 152 கிலோமீட்டருக்கும் எத்தனை மாதவரம் இருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

லாரி வந்த வருஷங்கள்

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொன்னது 2003. மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது போகட்டும், கத்திரியின் வால். அதற்குப் பின் ஆவணி, புரட்டாசி காய்ந்தன, ஐப்பசியும் ஏமாற்றியது. ஏரிகள் வறண்டு, ஏறக்குறைய ஒரு வருஷம் நகரத்தின் பெரும்பகுதிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிதான். தெருமுனைகளில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகள் முளைத்தன.

மாதவரம் அப்போது சென்னை மாநகராட்சியில் சேரவில்லை, தனி நகராட்சி. எங்கள் தெருவில் குழாயே கிடையாது என்பதால் நிற்பதற்கும் ஒன்றுமில்லை. கிணறு வற்றியதும் கைபம்பு. அதில் காற்று வந்ததும் போர். அதுவும் இழுக்காமல் போனதும் நாங்களும் லாரிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம். ராத்திரி ஒரு மணிக்கு வரும், மூணு மணிக்கு வரும். லாரியின் ஹாரனைத் தூக்கத்திலேயே மற்ற ஹாரன்களிலிருந்து பிரித்துக் கேட்கும் காது எல்லாப் பெண்களுக்கும் வந்துவிட்டது. ஓஸ் பைப்பைப் பிடித்திருக்கும் பையன், “யக்கா, வூட்டுக்கு நாலு கொடம்தான், அப்பறம் என்னத் திட்டக் கூடாது” என்பான். திட்டுவோம். திட்டியபின் அவனுக்கே மோர் கொடுப்போம்.

அந்த வருஷங்களின் உண்மையான ஆவணம் எது என்று கேட்டால் என் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் காட்டுவேன். எட்டாம் வகுப்பு. பையன்கள் வரிசையில் வழக்கமான ஆப்சென்ட்டுகள்: காய்ச்சல், ஊர்த் திருவிழா, கிரிக்கெட். பெண்பிள்ளைகள் வரிசையில் மட்டும் ஆடி முதல் ஐப்பசி வரை தாமதக் குறி வரிவரியாக நிற்கும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு அங்கேயே தூங்கி, அப்படியே பள்ளிக்கு ஓடிவந்த பிள்ளைகள். ஒருத்தி பானிப்பட் யுத்தம் நடக்கும்போது பெஞ்சில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுப்பி ஏன் என்று கேட்டதற்கு, “மூணு நடை மிஸ்” என்றாள். மூன்றாவது பானிப்பட் யுத்தத்தை அன்று நான் நடத்தவில்லை.

அரசாங்கம் அந்தக் கோடையில் செய்த ஒரு காரியத்துக்கு இன்றும் மார்க் போடலாம். முதல்வர் ஜெயலலிதா, தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும். காய்ந்த ஆவணியில், சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது, மொட்டை மாடியிலிருந்து குழாய் இறக்கிக் குழி தோண்டினோம். “பெய்யாத மழைக்குப் பைப்பா?” என்று கொத்தனார் சிரித்தார். 2005 ஐப்பசியில் பெய்த பெய்யில் எங்கள் கிணறு விளிம்பு தட்டியது. அதற்குப் பின் அவர் சிரிக்கவில்லை. பல வீடுகளில் அந்தக் குழி மண்மூடிப் போனதுதான் மிச்சம்.

அதே சமயம் இன்னொரு பக்கம் வெள்ளியூர், மாகறல் பக்கத்து விவசாயிகளிடம் கிணற்று நீரை விலைக்கு வாங்கி நகருக்குக் கொண்டுவந்தார்கள். நெல்லைவிட நீர் விற்றால் லாபம் என்ற நிலை. நிலம் உள்ளவருக்குப் பணம்; அந்த வயலில் நாற்று நட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. 1877இல் கூலி போனவர்களுக்கு ஆனதன் சின்ன அளவு இது. கஞ்சித்தொட்டி தேவைப்படவில்லை என்பதுதான் வித்தியாசம். அதற்கு ரேஷன் கடைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

2004இல் புதிய வீராணம் வந்தது. கடலூர் மாவட்டத்து ஏரியிலிருந்து 235 கிலோமீட்டர் குழாய், நாளுக்கு 18 கோடி லிட்டர். சோழர் வெட்டிய ஏரி, காவிரி நீர் நிரப்பும் ஏரி, சென்னைக் குழாயில் கொட்டியது. ஏழுகிணற்றிலிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம்!

ரயிலில் வந்த காவிரி

அடுத்து கடல். 2010இல் மீஞ்சூருக்குப் பக்கம் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தது. 2013இல் நெம்மேலியில் இன்னொன்று. 2011இல் மாதவரம், திருவொற்றியூர், மணலி எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்தன. நாங்களும் பட்டணத்து ஜனங்கள் ஆனோம். இனித் தண்ணீருக்குக் கவலையில்லை என்று பேசிக்கொண்டோம்.

2018 ஐப்பசி, கார்த்திகை குறைவாகப் பெய்தது. அந்த அக்டோபரில்தான் மாதவரத்தில் ஆந்திராப் பக்கம் போகும் பஸ்களுக்குப் புதிய நிலையம் திறந்தார்கள். கிருஷ்ணா தண்ணீர் வர வேண்டிய திசையில் பஸ் தவறாமல் போய்வந்தது, தண்ணீர்தான் பேசிய அளவு வரவில்லை. 2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நான்கும் தரை தெரிந்தன. புழல் ஏரியின் நடுவில் வெடித்த சேற்றைப் படமெடுக்க வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். ஐ.டி. கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் ஓட்டல்கள் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்ததும் உலகச் செய்தி ஆனது. பெண்பிள்ளைகள் தூங்கி வழிந்ததை எந்தக் காலத்திலும் யாரும் செய்தியாக்கவில்லை.

ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அமைச்சர்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். அங்கிருந்து குழாயில் கீழ்ப்பாக்கத்துக்கு, மேட்லியின் அதே இடத்துக்கு. அன்றைக்கு நகரத்துக்கு நாளொன்றுக்கு விநியோகித்த குறைந்த அளவே சுமார் 52 கோடி லிட்டர். ஒரு ரயில் தண்ணீர் அதில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. இருந்தாலும் அக்டோபர் வரை அந்த ரயில் ஓடியது. ஆவணி, புரட்டாசியைத் தாண்டுவதற்கு அந்த அரைப் பங்கையும் விட முடியாத நிலை. நல்லவேளை, செப்டம்பரில் சாயங்கால இடிமழை நன்றாகப் பெய்தது. பழமொழியின் இரண்டாம் பாதியும் அந்த வருஷம் நடந்தது.

அந்த வருஷம் செய்தியாகாத இரண்டு காரியங்கள் எங்கள் பக்கம் நடந்தன. கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. ஆலைக்கு நம் சாக்கடை போனால் அந்த அளவு நல்ல தண்ணீர் மனிதருக்கு மிஞ்சும். இரண்டாவது, வாசலில் கிடக்கும் ரெட்டேரி நீரையே சுத்தம் செய்து எடுத்தால் என்ன என்ற யோசனை அப்போதுதான் வேகம் பிடித்தது. கிருஷ்ணா, வீராணம், ஜோலார்பேட்டை எல்லாம் சுற்றிவிட்டு, ஜி.என்.டி. சாலையோரத்து ஏரி அதிகாரிகள் கண்ணில் பட்டது.

என் மாமியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத முடியாது.

இருநூற்றைம்பது வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் எனக்கு வரும் விடை இது. வெயிலும் வறட்சியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. ஒன்பது மாதம் சேமிப்பில் வாழும் ஊரில் சில புரட்டாசிகள் காயத்தான் செய்யும். இனி அடிக்கடி காயும் என்றும் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நாம் கேட்டது “இன்னும் எவ்வளவு தூரம் போகலாம்?” என்ற கேள்வியைத்தான். கால்வாய்களையும் குழாய்களையும் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். ஃபிரேசரும் மேட்லியும் சத்தியமூர்த்தியும் செய்தது இல்லாவிட்டால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன். ஆனால் வரிசையில் யார் முன்னால், யார் பின்னால் என்பதை எந்தக் குழாயும் மாற்றவில்லை. 1877இல் கடற்கரையில் அரிசி இருந்தது, கஞ்சித்தொட்டியில் கூட்டமும் இருந்தது. 2003இல் புழலுக்குப் பக்கத்துத் தெருப்பெண்கள் லாரிக்கு நின்றார்கள்.

ஆகவே என் கோரிக்கை சின்னது. புதுக் குழாய் எங்கே போட்டாலும், அது எடுக்கிற ஊருக்கும் கடக்கிற ஊருக்கும் முதல் இணைப்பு என்று சட்டத்தில் எழுதுங்கள். ரெட்டேரியைத் தூர்வாருங்கள். மழைநீர்க் குழியில் கிடக்கும் மண்ணை அள்ளுங்கள். வீடு இடித்துக் கட்டும்போது கிணற்றை மூடாதீர்கள். எங்கள் தெருவில் மூடாமல் மிஞ்சியது எங்களுடையது ஒன்றுதான். அதில் புரட்டாசி முதல் தேதி கயிற்றை இறக்கி அளந்து காலண்டரில் குறித்து வைக்கிறேன், இப்போது பேரன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். இதையெல்லாம் பேச ஏரி நிரம்பி மறுகால் போகும் மார்கழியில் கூட்டம் போடுங்கள். புரட்டாசியில் கூடினால் லாரி நம்பரைத்தான் வாங்கிக்கொண்டு வரமுடியும்.